சத்தியத்தில் இருந்த பிள்ளை

சாயப்பட்டறைகளின் முதுகுப்புறமாக ஓடுகிற ஓடை எந்த நாளில் எந்த நிறத்தில் வருகிறது என்பதைப் பார்த்தே, கடல் கடந்த ஊர்க்காரர்கள் அடுத்த குளிருக்கு என்ன நிறத்தில் சட்டை போடுவார்கள் என்று சொல்லிவிடக்கூடிய பெண்கள் குடியிருந்த திருப்பூர் லைன் வீடு ஒன்றில், தாய் வேலைக்குப் போனதும் நின்றுவிடுகிற, தாய் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பிள்ளை ஒன்று இருந்தது. வரிசையாக ஒட்டிநின்ற வீடுகள் கொண்ட அந்த லைனில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஒரு வீட்டில் மின்விசிறி முனகும், ஒரு வீட்டில் கதவு தரையில் உரசும், கடைசி வீட்டில் பிள்ளை நின்றுவிடும் என்ற அளவில்தான் எல்லாரும் அதை வைத்திருந்தார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு, ஆற்றுத் தண்ணீர் எந்தக் கிழமை வரும், உப்புத் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளையின் பெயர் கோபிகா. தாய் பாண்டிச்செல்வி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் போர்வெல் லாரியில் வடக்கே போனான். முதலில் மாதம் ஒரு முறை பேசினான். பிறகு அவனுடைய எண்ணை அழைத்தால் புரியாத மொழியில் ஒரு பெண் இனிமையாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அதன் பொருளைத் தானாகவே விளங்கிக்கொண்ட ஒரு நாளில், பாண்டிச்செல்வி பிள்ளையையும் ஒரு கோரைப்பாயையும் ஒரு மூட்டைப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

லைனின் தலைமாட்டில் மாடி வைத்துக் கட்டிய வீட்டில் இருந்துகொண்டு, யார் வந்தார், யார் போனார் என்று பார்ப்பதையே பொழுதாகக் கொண்டிருந்த வீட்டுக்காரி துளசிமணி, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏனம்மிணி, ஊட்டுக்காரரு எங்கிருக்கறாரு?"

"போர் லாரியில வடக்க போயிருக்காருக்கா."

"எப்ப வருவாரு?"

"வந்துருவாரு."

பதில் எவ்வளவு சுருக்கமாக வந்தது என்பதிலேயே துளசிமணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "செரி, அது உன்ற பாடு. ஆனா ஒண்ணு, ஆம்பளைங்க வந்து போற சோலியெல்லாம் இங்க ஆகாது, இப்பவே சொல்லிப்போட்டேன்."

"எனக்கு உக்காந்து சோறு திங்கவே நேரமில்லக்கா. வர்றவனுக்கு யாரு காப்பி போடுறது?"

துளசிமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

பனியன் கம்பெனியில் பாண்டிச்செல்விக்குப் பிசிறு வெட்டும் வேலை கிடைத்தது. தைத்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூல் நுனிகளைச் சிறு கத்தரியால் நறுக்கி நறுக்கி அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். ஒரு ஷிப்ட் பார்த்தால் வீட்டுக்குப் போதாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் பிள்ளைக்குப் பொழுது போதாது. கம்பெனியில் பிள்ளைகளுக்கென்று பெயர்ப்பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. அதில் அட்டைப்பெட்டிகள் வளர்ந்தன. அங்கன்வாடியோ சோறு போட்டு, தூங்கவைத்து, மாலைக்கு முன்பே பிள்ளைகளை அனுப்பிவிடும். அப்படி அனுப்பிய பிறகு அழைத்துப்போக ஆளில்லாத கோபிகா, ஒரு நாள் அம்மாவைத் தேடிக்கொண்டு தானாகவே சாலைக்கு வந்தாள். துணி ஏற்றிய டெம்போ ஒன்று அவளுக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, தாயைக் கண்டுபிடித்து ஒப்படைத்தார். சூப்பர்வைசர், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப் போலக் கேட்டான்: "பிள்ளையப் பாத்துக்க ஆளில்லாதவங்க எதுக்குங்க வேலைக்கு வர்றீங்க?" பிள்ளைக்காகத்தான் வருகிறேன் என்ற பதில் அவளுக்கு மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தது, அப்போது கேட்பதற்கு அவன் அங்கே இல்லை.

அந்த விடியலில்தான் பாண்டிச்செல்வி கோரைப்பாயை விரித்து, கோபிகாவை அதன் நடுவில் உட்காரவைத்து, சோற்றுத் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் வருக்கி ரொட்டிப் பொட்டலத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, பிள்ளையின் வலக்கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணு. நான் வர்ற வரைக்கும் இந்தப் பாயை விட்டு அசைய மாட்டேன்னு."

"அசைஞ்சா?"

"அசைஞ்சா அம்மா தல வெடிச்சிரும்."

வேலைக்குப் போகிற அவசரத்தில் தாய்மார்கள் சொல்லிவிட்டு மறந்துபோகிற எத்தனையோ சொற்களில் அதுவும் ஒன்று. தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் நாள் முழுதும் தலைகள்மேல் கைகள் வைக்கப்பட்டு, சத்தியங்கள் செய்யப்பட்டு, மாலைக்குள் அவையெல்லாம் மீறப்பட்டு, எந்தத் தலையும் வெடிக்காமல் ஊர் நலமாகத்தான் இருந்தது. ஆனால் கோபிகா, கண்ணை அகல விரித்து அம்மாவின் தலையைப் பார்த்து, "சத்தியம்" என்றாள். சொன்ன வாய் மூடவில்லை.

இருட்டிய பிறகு பாண்டிச்செல்வி திரும்பி வந்தபோது, பிள்ளை அதே இடத்தில், அதே சம்மணத்தில், அப்படியே இருந்தது. சோறு வைத்தபடியே இருந்தது. கைக்குப் போன வருக்கி வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றிருந்தது. தாயின் கால் வாசற்படியைத் தாண்டி உள்ளே விழுந்ததும் கை வாய்க்குப் போயிற்று, பல் கடித்தது, "அம்மா, பசிக்குது" என்றது குரல். பாண்டிச்செல்வி, என் பிள்ளை சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று பெருமைப்பட்டு, அதை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வீட்டு ரகமத்துதான் முதலில் பார்த்துச் சொன்னவள். "பாண்டி, உன் புள்ள கண்ணைக் கூடச் சிமிட்டல. சன்னல் வழியா நஸ்ரின் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, பொம்மைய எறிஞ்சு பாத்தா. அது பாட்டுக்குச் சிலையாட்டம் இருக்கு." நஸ்ரின் ரகமத்தின் மகள், கோபிகா பிறந்த அதே மழைக்காலத்தில் பிறந்தவள், இருவருக்கும் ஒரே அளவுச் சட்டை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று சொல்லி டானிக் கொடுத்தார். தாய் பக்கத்தில் நின்றதால் பிள்ளை அங்கே துள்ளிக்கொண்டிருந்தது. ஆகவே அவர் சொன்னதில் பிழை இல்லை. துளசிமணி அம்மன் கோயிலிலிருந்து வேப்பிலை கொண்டுவந்து தடவினாள். ரகமத்து தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். டானிக், வேப்பிலை, ஓதிய தண்ணீர் மூன்றுக்கும் பிள்ளை அசையவில்லை. பிறகு லைன் அதைப் பழகிக்கொண்டது.

பழகிக்கொண்டது மட்டுமன்று, பயன்படுத்திக்கொள்ளவும் தொடங்கியது. அடங்காத பிள்ளைகளை இழுத்துவந்து சன்னலில் நிறுத்தி, "பாரு, பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று காட்டினார்கள். காக்கைகள் சன்னல் வழியாகத் தெரிந்த அந்த உருவத்துக்கு அஞ்சியதால் வற்றலும் மிளகாயும் அந்த வாசலில் காய்ந்தன. சாவி ரகமத்திடம் இருந்தது. ஆகவே, யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டியிருந்த பெண்கள், மதிய நேரத்தில் சாவியை வாங்கி, உள்ளே போய், பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் தன்னை ஏன் பார்க்க வருவதில்லை என்பதை, அவன் வேலையாக இருக்கிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த துளசிமணி, அந்தப் பாயின் ஓரத்தில்தான் உள்ளது உள்ளபடி சொன்னாள்.

பாண்டிச்செல்விக்கும் அது, சொல்லக் கூசினாலும், வசதியாகத்தான் இருந்தது. மற்றத் தாய்மார்கள் அடுப்பு, கத்தி, தொட்டி, சாலை, இளித்துக்கொண்டு மிட்டாய் நீட்டுகிற ஆள் என்று எல்லாவற்றையும் நினைத்து நினைத்துத் தையல் மேசையில் விரலைக் குத்திக்கொண்டபோது, அவள் கை தடுமாறாமல் வெட்டியது. தான் இல்லாத பொழுது பிள்ளைக்கு இல்லவே இல்லை என்று அவள் நம்பினாள். பகலை ஒரு பக்கமாக மடித்து வைத்துவிட்டு, மாலையிலிருந்து மட்டும் பிள்ளை வாழ்கிறது. பசியுமில்லை, பயமுமில்லை, காத்திருப்புமில்லை. ஆளில்லாத தாய்க்குக் கடவுள் பார்த்துச் செய்த உதவி என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக்கொண்டே, அவள் ரகமத்திடம் சொன்னாள்.

ரகமத்து துணியைப் பிழிந்துகொண்டே, "உதவிதான். ஆனா மத்த புள்ளைங்க சும்மா வளருது, உன் புள்ள நீ பாத்தாத்தான் வளருது" என்றாள்.

அது உண்மை. நஸ்ரினின் சட்டைகள் குட்டையாகிக்கொண்டே வந்து கோபிகாவுக்கு வந்துசேர்ந்தன. கோபிகாவின் சட்டைகள் யாருக்கும் போகவில்லை. நஸ்ரின் பள்ளிக்கூடம் போனாள், கூட்டல் கற்றாள், கழித்தல் கற்றாள், ஒரு தலை உயரம் கூடினாள். கோபிகாவின் கீழ்வாய் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கி, மாலை வேளைகளில் மட்டும் ஆடி, ஆடிக்கொண்டே இருந்தது. பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை பிள்ளையை ஏறிட்டுப் பார்த்து, "வயசுக்கு வளர்த்தி இல்லையேம்மா. அடுத்த வருசம் பார்ப்போம். வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார்.

இப்படியிருக்கையில், ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, ரசச் சோற்றை உருட்டிக்கொண்டே கோபிகா சொன்னாள்:

"ரகமத்து அத்தை வயித்துல பாப்பா இருக்காம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். மாமாவுக்குக் கூட இன்னும் தெரியாதாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அத்தைதான். மத்தியானம் வந்து சொல்லிச்சு."

பாண்டிச்செல்வியின் கையிலிருந்த கவளம் தட்டுக்குத் திரும்பியது. "மத்தியானம் நீ நின்னுதானடி இருந்த?"

"ஆமா."

"காது கேட்டுச்சா?"

"கேக்கும்மா. கண்ணும் தெரியும். ஈ வந்து மூக்குல உக்காரும். பசிக்கும். ஒண்ணுக்கு வரும், அடக்கிக்குவேன்." பிள்ளை, பெருமையாகச் சொல்கிறதா வருத்தமாகச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாத குரலில் முடித்தது: "சத்தியத்துல இருக்கேன்ல."

பாண்டிச்செல்வி தட்டைத் தள்ளி வைத்தாள். மடித்து வைக்கப்பட்டதாகத் தான் நம்பிய பகல்களெல்லாம் ஒவ்வொன்றாக விரிந்து, மூக்கில் ஈ உட்கார்ந்த பகலாக, சன்னலில் நஸ்ரின் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போன பகலாக, பெரியவர்களின் அழுகையை முகம் திருப்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்த பகலாக, அவள்முன் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அந்தப் பகல்களில் எதுவும் பிள்ளையைத் தாண்டிப் போய்விடவில்லை. பிள்ளைதான் அவற்றுள் ஒவ்வொன்றையும், அசையாமல், தாண்டி வந்திருந்தது.

நாளைக்கே சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது என்று அவள் படுத்தாள். ஆனால் விடியும் முன்பே அடுத்த லைனிலிருந்து கூச்சல் கேட்டது. மூடியில்லாத உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பிள்ளை விழுந்துவிட்டிருந்தது. எடுத்துவிட்டார்கள், உயிர் இருந்தது, ஆனால் அந்தத் தாய் போட்ட சத்தம் சந்து முழுதும் அப்படியே நின்றது. கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு பாண்டிச்செல்வி பாயில் இருந்த மகளைப் பார்த்தாள். ஓடாத கால். எட்டிப் பார்க்காத கழுத்து. இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று தாழிட்டாள். ஆர்டர் முடியட்டும் என்று மறுநாள் தாழிட்டாள். தீபாவளி போகட்டும் என்று அதற்குப் பிறகு தாழிட்டாள். ஒரு கொடுமையை நிறுத்த முடியாதவர்கள் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள்; அதற்கு வசதி செய்துகொடுத்தாள். ஈ வராமல் கொசுவலை கட்டினாள். பாயைத் திருப்பிப் போட்டு, சன்னலும் வானமும் தெரியும்படி பிள்ளையை உட்காரவைத்தாள். இனி யாரும் உள்ளே வந்து தங்கள் துக்கத்தைக் கொட்டக் கூடாது என்று, ரகமத்திடமிருந்த சாவியை வாங்கி, பூட்டைப் பெரியதாக மாற்றினாள்.

"என்ன பாண்டி, புள்ளைக்குப் பூட்டா?" என்றாள் ரகமத்து, முகம் சுருங்கி.

"காலம் கெட்டுக்கிடக்குக்கா."

"காலம் கெட்டுப்போகல. நீதான் என்னமோ மாதிரி ஆயிட்ட."

ரகமத்துக்கு அவள் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால், பிறகு ஏன் இன்னும் பூட்டுகிறாய் என்ற கேள்வி வரும்.

ஐப்பசியில் மழை இறங்கியது. மேற்கே குளங்கள் நிரம்பி வழிந்தன. மழையோடு மழையாக எவரோ சாயத் தொட்டிகளையும் திறந்துவிட்டார்கள். ஓடை கருநீலமாகப் பொங்கி, கரையை மறந்து, லைனுக்குள் புகுந்தது. பாண்டிச்செல்வி அப்போது கருநீலச் சட்டைகளுக்குத்தான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கைபேசிகளையெல்லாம் வாங்கி வாட்ச்மேன் ஒரு பையில் போட்டுவைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அந்தப் பையின் அடியில் அவளுடைய கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. தேநீர் இடைவேளையில் யாரோ, "ஓடை பொங்கிருச்சாம்பா, லைன் வீடெல்லாம் தண்ணியாம்" என்றது காதில் விழுந்ததும், பாண்டிச்செல்வி கத்தரியை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள்.

"கண்டெய்னர் வந்து நிக்குது, எங்க போறீங்க?" என்றான் சூப்பர்வைசர். அவள் நிற்கவில்லை.

"கேட் பாஸ் எங்கம்மா?" என்றார் வாட்ச்மேன்.

"என் பிள்ளை சத்தியத்துல இருக்குங்க. நான் போனாத்தான் அசையும்."

அந்த லைனைப் பற்றி ஒன்றும் அறியாத அந்த மனிதர், கேட்ட மாத்திரத்தில் எல்லாம் புரிந்தவரைப் போலக் கதவைத் திறந்துவிட்டார்.

சந்தில் தண்ணீர் தொடையளவு ஓடியது. வாளிகளும் செருப்புகளும் ஒரு பிள்ளையின் மூன்று சக்கர வண்டியும் மிதந்து எதிரே வந்தன. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் துளசிமணியின் மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தெரிந்தன. பாண்டிச்செல்வி ஓடிக்கொண்டே அந்த முகங்களைக் கண்ணால் தடவித் தடவித் தேடினாள். தன் பிள்ளையின் முகம் அங்கே இருக்காது என்பது தெரிந்தும் தேடினாள். கடைசி வீட்டில், அவள் மாற்றிய பெரிய பூட்டு அம்மிக்குழவியால் அடிபட்டு நெளிந்து, பெயர்ந்த தாழ்ப்பாளோடு தொங்கியது. உள்ளே, பாயின்மேல் பிள்ளை சம்மணமிட்டு இருந்தது. நீலத் தண்ணீர் அதன் மார்பைத் தாண்டியிருந்தது. ரகமத்து, வயிறு முழுதும் தண்ணீருக்குள் இருக்க, பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டு, தாடையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி புடைவையை வரிந்து கட்டி, பிள்ளையின் அக்குளில் கை கொடுத்து, தூக்க முடியாத ஒன்றைத் தூக்க முயன்று முயன்று மூச்சிரைத்தாள்.

"துணிப் பேல் தூக்கற ஆளே வந்து பாத்துட்டாம்மிணி, நகர மாட்டீங்குது! கல்லாட்டமிருக்குது!"

பாண்டிச்செல்வி வாசற்படியைத் தாண்டினாள். கல் பிள்ளையாயிற்று. பிடித்திருந்தவர்கள் கையில் எடை சட்டென்று இல்லாமற்போனதில் துளசிமணி பின்னால் சாய்ந்து விழுந்தாள். கோபிகா தண்ணீரில் மேலெழும்பி, ரகமத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதுவரை அழாத அழுகையை ஒரே மூச்சில் அழுதாள்.

அன்று மாலை லைன் முழுதும் துளசிமணியின் மாடிக் கூடத்தில் இருந்தது. கோபிகாவின் உடம்பில் கழுத்தடியில், கோடு கிழித்தாற்போல், அதற்குக் கீழே எல்லாம் நீலமாக இருந்தது; எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்து, பெரியவர்களிடம் முறையிட்டாள்: "இவ ஒரு சாயங்காலம் எங்கிட்ட சத்தியத்தப் பத்திச் சொன்னா, நான் அப்பவே சொன்னேன். 'சத்தியம் சக்கரைப் பொங்கல்'னு மனசுக்குள்ள சொல்லிட்டா சத்தியம் கழிஞ்சிரும்னு. எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். இவ கேக்கவே இல்ல, அழுதா மட்டும்."

பாண்டிச்செல்வி சத்தியத்தைப் பற்றிச் சொன்னாள். எப்போது செய்தது, என்ன சொல்லிச் செய்தது, பிள்ளைக்கு எல்லாம் கேட்கிறது என்று தனக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் தான் என்ன செய்தது என்று, எதையும் விடாமல், யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

துளசிமணி, முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள். "ஏஞ்சாமி, நாங்க பேசுனதெல்லாமே கேட்டுச்சா உனக்கு?"

"கேட்டுச்சுங். நான் யார்கிட்டயும் சொல்லல." கோபிகா யோசித்தாள். "பாப்பாவ மட்டும் சொல்லிட்டேன்."

"என்ன பாப்பா?" என்றான் ரகமத்தின் கணவன். ரகமத்து தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு எழுந்தது. எழுந்து, நீலக் கால்களைப் பார்த்ததும் அடங்கியது.

சத்தியத்தை எப்படித் திருப்புவது என்பதில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கச் சொன்னாள் துளசிமணி. ஏழைக்குச் சோறு போடச் சொன்னாள் ரகமத்து. "நாமளே ஏழைதானக்கா, நம்ம சோத்தையே தின்னுட்டாப் போச்சு" என்றது ஒரு குரல். பாண்டிச்செல்வி எதையும் காதில் வாங்கவில்லை. பிள்ளையை மடிக்கு இழுத்தாள்.

"தண்ணி வர்றது தெரிஞ்சும் ஏண்டி எந்திரிச்சு ஓடல?"

"நான் அசைஞ்சா நீ செத்துருவல்ல."

பாண்டிச்செல்வி, அன்று செய்தது போலவே, பிள்ளையின் வலக்கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "தட்டு."

கோபிகா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"தட்டுடி. நல்லாத் தட்டு. அசைஞ்சுக்கிட்டே தட்டு. வெடிக்குதான்னு பாப்போம்."

பிள்ளை மெதுவாகத் தட்டியது. நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மறுபடி தட்டியது. பிறகு இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, பட் பட்டென்று, கூடம் முழுதும் கேட்கும்படி, தாயின் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழும்வரை அடித்தது. யாரும் தடுக்கவில்லை. பாண்டிச்செல்வியும் தலையைக் குனிந்தே வைத்திருந்தாள்.

அடித்து ஓய்ந்த பிறகு பிள்ளை தன் கையைப் பார்த்துவிட்டு, தாயின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. "இப்ப நீ பண்ணு. வேலைக்குப் போனா திரும்பி வந்துருவேன்னு சத்தியம் பண்ணு."

அது கேட்கத் தகுந்த சத்தியம்தான். ஒருவன் வடக்கே போய் வராமலிருந்த வீட்டில் அதைக் கேட்கப் பிள்ளைக்கு உரிமையும் உண்டு. கூடத்தில் இருந்த எல்லாரும் பாண்டிச்செல்வியின் வாயைப் பார்த்தார்கள். அவள், பிள்ளையின் தலையில் இருந்த கையை எடுக்காமல், ஆனால் சத்தியத்துக்கு அடிக்கிற மாதிரி அடிக்காமல், ஈரமுடியைக் கோதிவிட்டாள்.

"சத்தியமெல்லாம் வேண்டாம்டா. சாயங்காலம் வருவேன். அவ்வளவுதான்."

"வராமப் போயிட்டா?"

"வருவேன்."

கோபிகாவுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவள் அதை வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தது. சுவர்களில் ஒரே உயரத்தில் நீலக்கோடு நின்றது. துளசிமணி தங்கள் லைன் தொட்டிக்கு இரும்பு மூடி போட்டாள். இதை முன்பே செய்திருக்கலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, ஆள் வைக்காமல் தானே நின்று பொருத்தினாள். கம்பெனியில் பாண்டிச்செல்வியைத் திரும்பச் சேர்க்கவில்லை; இன்னும் சிறிய கம்பெனி ஒன்றில் ஒரு ஷிப்ட் மட்டும் என்று பேசிச் சேர்ந்தாள்; ரசம் இன்னும் நீர்த்தது. "கதவைத் திறந்து போட்டுட்டே போ, வர்றப்ப போறப்ப ஒரு கண்ணு பாத்துக்கறேன்" என்றாள் ரகமத்து. ஒரு கண்தான், மற்றொரு கண்ணுக்கு அவளுக்கும் அடுப்பும் வயிறும் இருந்தன. பாண்டிச்செல்வி அதை அறிவாள்.

முதல் நாள் காலையில் கோபிகா பழக்கத்தால் பாயில் போய் உட்கார்ந்து, வலக்கையை நீட்டினாள். பாண்டிச்செல்வி அந்தக் கையில் ஒரு வருக்கியை வைத்து, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, தாழிடாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சந்து முனையில், தாங்க மாட்டாமல், திரும்பிப் பார்த்தாள். வாசலில் பிள்ளை நின்றுகொண்டு, வருக்கியைக் கடித்து மென்றுகொண்டிருந்தது. தாய் பார்க்கப் பார்க்க மென்றது. தாய் மறைந்த பிறகும் மென்றிருக்குமா என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் அவள் அன்று முழுதும் வெட்டினாள், விரலைக் குத்திக்கொண்டாள், ஒரு சட்டையில் ரத்தம் பட்டு, ஏச்சு வாங்கினாள். தொட்டிக்கு மூடி இருந்தது, ஆனால் சாலைக்கு மூடி இல்லை. மிட்டாய் நீட்டுகிற ஆளின் கைகளுக்கு மூடி இல்லை. மற்றத் தாய்மார்கள் இத்தனை ஆண்டுகளாக எதைச் சுமந்துகொண்டு மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மாலையில் அவள் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. பாய் வெறுமையாக இருந்தது. நீலம் ஏறிய அந்தக் கோரைப்பாயின் நடுவில், பிள்ளை ஆண்டுக்கணக்காக உட்கார்ந்த இடம் மட்டும் வெளுத்து, சம்மணமிட்ட இரண்டு கால்களின் வடிவத்தில் அப்படியே இருந்தது. "கோபிகா" என்று அவள் கூப்பிட்டது வாசலைத் தாண்டவில்லை. தொட்டிக்கு ஓடினாள், மூடி மூடியபடி இருந்தது. சாலைப் பக்கம் திரும்பினாள்.

அப்போது வீட்டின் பின்புறத்திலிருந்து, முழங்கால் சிராய்த்து, சட்டையில் சாணி அப்பி, நஸ்ரினோடு மூச்சிரைக்க ஓடிவந்தது பிள்ளை.

"அம்மா! பல்லு விழுந்துருச்சு!" வாயைத் திறந்து, நாக்கின் நுனியைப் பல் விழுந்த சந்தில் விட்டுக் காட்டியது. "ரொம்ப நேரம் முன்னாடியே. நாங்க சாணிக்குள்ள வெச்சு அட்டைக் கூரைமேல எறிஞ்சிட்டோம்."

"எனக்குக் காட்டாமயா?"

"நீ இல்லேல்லம்மா."

குற்றம் சொல்கிற குரலில்லை அது. நடந்ததைச் சொன்ன குரல். பாண்டிச்செல்வி தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். இத்தனை மாலைகள் தன் விரலால் ஆட்டிப் பார்த்த பல், கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு சிமெண்டு அட்டையின் மடிப்பில், தான் பார்க்காமலே போய்க் கிடந்தது.

"வா, காலைக் கழுவி விடுறேன்."

"இரும்மா. நஸ்ரின் வீட்டுப் பந்து அந்தப் பக்கம் விழுந்துருச்சு, எடுத்துட்டு வந்துர்றேன்." பிள்ளை பாதி தூரம் ஓடி, ஏதோ நினைவு வந்தாற்போல் நின்று, விரலை நீட்டிச் சொன்னது: "எங்கயும் போயிராத. பாயிலயே உக்காந்திரு."

ஓடிப்போயிற்று. சந்து திரும்புகிற இடத்தில் சட்டை நுனி தெரிந்து மறைந்தது. சாலையில் ஒரு டெம்போ ஒலிப்பானை அடித்துக்கொண்டே போனது. பாண்டிச்செல்வி உள்ளே வந்து, அந்தப் பாயின் வெளுத்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, திறந்த கதவையே பார்த்துக்கொண்டு, மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயை ஓட்டாமல், அசையாமல் இருந்தாள்.